குதிகாலுக்கு ஒன்பதாயிரம்

விடிவதற்கு ஒரு நாழிகை இருக்கும்போதே எழுந்து, மேலூர்ப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் உயிர்நாடியாக ஓடும் பெரியாற்றுக் கால்வாயின் கரைமீது சிறிது தூரம் நடந்துவருவதைப் பல வருஷ வழக்கமாகக் கொண்டுவிட்ட என் போன்ற கிழவர்களுக்கு, மைனாவும் கொக்கும் விழித்துக்கொள்வதற்கு முன்பாகவே காதில் விழுவது, பத்துப் பதினைந்து ஜோடிக் கால்கள் மண்ணிலும் சரளையிலும் மாறி மாறிப் பதியும் சப்தமாகும். போலீஸ் உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் தங்களைத் தயார் செய்துகொள்ளும் இளைஞர்கள் அவர்கள். ‘ரன்னிங் போறோம்’ என்று அதை ஒரு தனி வித்தைபோலவே சொல்வார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள்ளும் ஓடி முடிக்கவேண்டும். ராணுவத்து அக்னிவீர் தேர்விலோ, 1,600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் கடப்பவனுக்கே முழு மதிப்பெண். இந்த எண்களை அவர்கள் ஜபம்போல் முணுமுணுத்துக்கொண்டு ஓடுவதை நான் கேட்டதுண்டு.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் முன்னால் ஓடும் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஒருவன், சென்ற தை மாதத்தில் திடீரென்று நின்றுபோனான். விசாரித்தபோது, “காலைல எந்திரிச்சு மொத அடி வைக்கையில குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு தாத்தா. நாலு எட்டு நடந்தாச் சரியாப் போயிருது, ஓடிட்டு வந்து உக்காந்தா மறுபடியும் புடிச்சுக்கிருது” என்றான். மதுரையில் ஒரு வைத்திய நிலையத்தில் காட்டினார்களாம். அங்கே அவனை ஒரு கண்ணாடிப் பலகையின்மீது நிறுத்தி, பாதத்தின் அடிப்பக்கத்தைப் பல வர்ணங்களில் திரையில் காட்டி, வளைவு தாழ்ந்திருக்கிறது, தட்டைப் பாதம் என்று சொல்லி, அவன் காலுக்கென்றே தனியாக அச்செடுத்துச் செய்த இன்சோல் ஒரு ஜோடி போட்டுக்கொண்டால் நல்லது என்றார்களாம். விலை ஒன்பதாயிரம் ரூபாய். அவன் தாயார் நூறுநாள் வேலைக்குப் போகிறவர். 2025-26ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நிர்ணயமான கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதன்படி பார்த்தால், அந்த இரண்டு துண்டு பிளாஸ்டிக்குக்காக அந்த அம்மாள் ஏறத்தாழ இருபத்தேழு நாள் மண் சுமக்கவேண்டும்.

பணத்தைப் பற்றிய கவலை தாயாருக்கு. பையனுக்கோ அதைவிடப் பெரிய கவலை. “தட்டைப் பாதம்னா மெடிக்கல்ல கழிச்சுருவாங்க தாத்தா. இதைப் போட்டா வளைவு வந்துரும்ல?” என்று அவன் கேட்ட கேள்விக்கு அப்போதே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பல வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவனாகையால், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல நாக்கு எழவில்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவ்வாறு படித்ததன் பயனே இக்கட்டுரை.

மனித பாதத்தில் 26 எலும்புகளும், அவற்றை இணைக்கும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. இத்தனை துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பொருள், நிற்கும்போது தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் துணிபோல் இளகிக் கொடுக்கவும், உந்தி எழும்போது மரக்கட்டைபோல் விறைத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டு முரண்பட்ட காரியங்களையும் ஒரே அவயவம் எப்படிச் செய்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள், செலவில்லாத ஒரு பரிசோதனையை இருந்த இடத்திலேயே செய்து பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் சாதாரணமாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் கையால் பிடித்து மேல்நோக்கி மடக்குங்கள். உள்பக்கத்து வளைவு தானாகவே உயர்ந்து எழுவதைக் கண்ணாரக் காணலாம். குதிகால் எலும்பிலிருந்து புறப்பட்டு விரல்களின் அடிவரைக்கும் உள்ளங்காலின் ஊடே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றிக்கொள்ள வாளி மேலேறுவதுபோல, விரல் மடங்கும்போது இந்தப் பட்டை விரலடி மூட்டைச் சுற்றிக்கொண்டு இழுபட, குதிகாலும் முன்பாதமும் நெருங்கி, வளைவு உயர்ந்து, பாதம் விறைப்பாகிவிடுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிக்ஸ் என்ற வைத்தியர் 1954ஆம் வருஷத்தில் இதை விவரித்தார். பையனின் குதிகாலில் ஆணி அடித்ததுபோல் வலித்த இடம், இந்த நார்ப்பட்டை எலும்பில் வேரூன்றியிருக்கும் அந்த இடமேதான். நம் ஊரில் இதைக் குதிவாதம் என்பார்கள்.

இந்த வளைவு வெறும் பாலமாக மட்டும் இருந்துவிடவில்லை; அது ஒரு வில்லும் ஆகும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்நீல் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும், அறுவை செய்து நீக்கப்பட்ட பாதங்களை யந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்து 1987இல் வெளியிட்ட கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவன் மிதமான வேகத்தில் ஓடும்போது, ஒவ்வோர் அடியிலும் சுமார் 100 ஜூல் சக்தி உடலில் இறங்கி ஏறுகிறது. அதில் 35 ஜூலைக் குதிகால் தசைநாணும், 17 ஜூலைப் பாதவளைவும், தாழும்போது சேமித்து எழும்போது திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. உடல் இந்தப் பங்கைத் தசையைச் செலவிட்டுப் பெறவேண்டியதில்லை. நீளவாட்டு வளைவைப் பற்றியே அனைவரும் பேசிக்கொண்டிருக்க, முன்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி செய்த மதுசூதன் வெங்கடேசன் முதலியோர், 2020இல் குறுக்கு வளைவின்மீது கவனத்தைத் திருப்பினார்கள். ஒரு ரூபாய்த் தாளை நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடுகிறது. அதையே குறுக்கே சிறிது குவித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கிறது அல்லவா? பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு இவ்விதக் குறுக்குக் குவிவினாலேயே வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே, நீளவாட்டு வளைவு தாழ்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு பாதத்தைக் கையாலாகாதது என்று முத்திரை குத்திவிடுவது அவசரப்பட்ட காரியம்.

இனி, அந்தப் பாதத்தின்மேல் விழும் பாரத்தைப் பார்ப்போம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை தரையிலிருந்து பாதத்தின்மீது ஏறுகிறது. 60 கிலோ எடையுள்ள பையனுக்கு இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொண்டால் 150 கிலோ. அது நூறு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பில் பரவி விழுந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோ. குதிகாலில் இருபத்தைந்து சதுர சென்டிமீட்டரில் மட்டும் குவிந்து விழுந்தால் ஆறு கிலோ. 1,500 மீட்டர் ஓட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் அடிகள். ஆகவே காலொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு தடவை. பயிற்சியில் ஒரு நாளைக்கு அதைப் போல ஐந்து மடங்கு. இன்சோல் என்ற உபகரணத்தின் சாஸ்திரம் முழுவதும் இந்தச் சின்னக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது: பாரத்தைக் குறைக்க அதனால் முடியாது, பாரம் விழும் பரப்பை விரிவாக்கலாம், விழும் இடத்தைச் சற்று மாற்றலாம், அவ்வளவே.

தட்டைப் பாதம் என்னும் பயத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இவ்விஷயத்தில் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆராய்ச்சி நம் தென்னாட்டிலேயே நடந்தது. கர்நாடகத்துத் தென்கரையில் உதயபாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு எலும்பு வைத்தியர்கள், நான்கு வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளைப் பதிவு செய்து, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளிடையே தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலோடு திரிந்த குழந்தைகளிடையே 2.8 சதவீதமே. அணிந்தவர்களிலும், விரலை மூடும் பூட்ஸ் போட்டவர்களுக்கு அதிகம். செருப்புப் போட்டவர்களுக்குக் குறைவு. மூன்று வருஷம் கழித்து, சச்சிதானந்தம் என்பவரும் ஜோசப்பும் சேர்ந்து, வளர்ச்சி முடிந்த 1,846 பேரைப் பரிசோதித்தபோது, பதினாறு வயதுக்குமேல்தான் முதன்முதலாகப் பூட்ஸ் அணிந்தவர்களிடையே தட்டைப் பாதம் 1.75 சதவீதமாகவும், ஆறு வயதுக்குள்ளேயே அணியத் தொடங்கியவர்களிடையே 3.24 சதவீதமாகவும் இருக்கக் கண்டார்கள். சிறு வயதில் வளைவைத் தாங்கித் தாங்கி வளர்த்தால் அது தன் வேலையைக் கற்றுக்கொள்வதில்லை என்பது இவற்றிலிருந்து ஊகிக்கத்தக்கது. ஆங்கில மீடியப் பள்ளிக்கூடத்தில் மூன்று வயதிலேயே கறுப்பு பூட்ஸைக் கட்டாயமாக்குகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. நிறைவேறாது என்றும் தெரியும்.

பையனை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொன்னேன். ஒரு வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் நின்று விலகச் சொன்னபோது, சுவட்டின் உள்பக்கம் வழக்கமாகக் காணும் பிறைபோன்ற வெற்றிடம் இல்லாமல், செங்கல்லை நனைத்து வைத்து எடுத்ததுபோலப் பாதம் முழுவதும் பதிந்திருந்தது. அவன் முகம் வாடிவிட்டது. பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு விரல்நுனியில் எழுந்து நில் என்றேன். எழுந்தான். பின்னால் குனிந்து பார்த்தால், இரு பாதங்களிலும் வளைவு அழகாக எழும்பி, குதிகால்கள் இரண்டும் உட்பக்கம் திரும்பி நின்றன. இதற்குப் பெயர் நெகிழ்ந்த தட்டைப் பாதம். நிற்கும்போது தாழும், உந்தும்போது எழும். எந்த நிலையிலும் எழாமல் விறைத்துக் கிடப்பதே நோய்ப்பட்ட தட்டைப் பாதம். ராணுவ வைத்திய விதிகளும் இந்த வித்தியாசத்தை அறிந்தே எழுதப்பட்டிருக்கின்றன: விரல்நுனியில் நிற்கும்போது வளைவு திரும்பத் தோன்றி, நுனிக்காலால் நன்றாகத் தாவவும் ஓடவும் முடிந்து, பாதம் வலியின்றி இளகி அசையுமானால், அந்தப் பாதம் ஏற்கத்தக்கதே. ஒன்பதாயிரம் ரூபாய் இன்சோல் வளைவைத் தாங்கிப் பிடிக்குமே தவிர, வளைவை உண்டாக்காது. தவிரவும், வைத்தியப் பரிசோதனை நடக்கும் அறைக்குள் பையன் வெறுங்காலோடு நிற்பான். அவன் பூட்ஸும், பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலும் வாசலுக்கு வெளியே கிடக்கும்.

அப்படியானால் அந்த ஒன்பதாயிரத்தில் என்ன இருக்கிறது? இந்த வினாவே எனக்கு எல்லாவற்றிலும் சுவாரசியமாகப் பட்டது. முறையாகச் செய்யும் இடத்தில் வேலை இவ்விதம் நடக்கிறது: நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலுக்குக் கீழேயுள்ள மூட்டு உள்ளும் புறமும் சாயாத நடுநிலையில் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டர் தோய்த்த துணியால் போர்த்தி அச்செடுக்கிறார்கள், அல்லது, அழுத்தினால் பொடிந்து பதியும் நுரைப்பெட்டியில் மிதிக்கச் சொல்கிறார்கள், அல்லது, இக்காலத்து வழக்கப்படி ஸ்கேனரில் பிடிக்கிறார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிப் பாதத்தின் பிரதியைச் செய்து, எங்கே தூக்கவேண்டும், எங்கே பாரம் விழாமல் விலக்கவேண்டும் என்று தீர்மானித்து, பிரதியின்மேல் கூட்டியும் செதுக்கியும் திருத்துகிறார்கள். பின்னர் பாலிபுரோப்பிலீன் தகட்டை உலையில் இளக்கி அதன்மேல் படியவைத்து, ஓரங்களைச் சாணையில் தேய்த்து, மேலே மெத்தென்ற ஈ.வி.ஏ. தாளை ஒட்டுகிறார்கள். பாலிபுரோப்பிலீன் என்பது கல்யாண மண்டபத்து நாற்காலி செய்யும் அதே பிளாஸ்டிக், ஈ.வி.ஏ. என்பது மெல்லிய செருப்புகளின் அடியில் மிதிபடும் அதே நுரை. இரண்டுக்கும் பிளாஸ்டருக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. மீதமெல்லாம், அளப்பவரின் படிப்புக்கும், திருத்துபவரின் கைக்கும், ஸ்கேனர் வாங்கிய கடனுக்கும், ‘இங்கே குத்துகிறது’ என்று ஒருவன் திரும்பி வரும்போது மறுபடியும் சாணை பிடித்துக் கொடுப்பதற்காக ஒதுக்கிவைக்கும் நேரத்துக்கும் உரிய விலை. அமெரிக்காவில் இதே ஜோடிக்கு 400, 500 டாலர் கேட்பது சாதாரணம். அங்கே பிளாஸ்டிக் விலை அதிகம் என்பதாலா? மனித நேரத்தின் விலை அதிகம் என்பதால்.

நேரத்துக்குக் கூலி கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும்போது ஒருவன் கேட்க வேண்டியது, அந்த நேரம் உண்மையில் தன் காலுக்காகச் செலவானதா, திரையில் வர்ணம் காட்டுவதற்காகச் செலவானதா என்பதுதான். மூன்றே நிமிஷத்தில் ஸ்கேன் செய்து, எங்கோ ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பி, கூரியரில் வந்ததைப் பூட்ஸுக்குள் தள்ளிக் கொடுத்து, திரும்ப வராதே என்று விடைகொடுத்து அனுப்பினால், விலைச்சீட்டில் எழுதியிருக்கும் பெருந்தொகையின் உள்ளடக்கம் காலியாகிவிடுகிறது.

ஓடுகிறவர்களுக்கு இன்சோல் வைத்தியம் பரவிய வரலாறும் இங்கே குறிப்பிடத்தக்கது. கலிஃபோர்னியாவில் மெர்ட்டன் ரூட் என்ற பாத வைத்தியர், 1950களிலிருந்து இருபது வருஷங்களுக்கு மேல் பாடுபட்டு, பாதத்துக்கு ‘நடுநிலை’ என்று ஒன்று உண்டு, அதிலிருந்து உட்பக்கம் அதிகமாகச் சாய்வதே பல நோய்களுக்குக் காரணம், அந்தச் சாய்வை ஒரு கெட்டித் தகட்டால் தடுத்தால் நோய் தீரும் என்ற சித்தாந்தத்தை உருவாக்கினார். 1970களில் அமெரிக்கர்கள் தெருத்தெருவாக ஓடத் தொடங்கியபோது, முழங்கால் வலியோடு வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் சித்தாந்தம் தயாராக இருந்தது. கேட்பதற்கு மிக நேர்த்தியான சித்தாந்தம். நேர்த்தியான சித்தாந்தங்களைச் சோதித்துப் பார்க்க மனிதர்களுக்குச் சாதாரணமாகவே மனம் வருவதில்லை. இதற்கும் நல்ல சோதனை வர வெகுகாலம் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் கார்ல் லேண்டார்ஃப் முதலியோர் குதிவாதமுள்ள 135 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பெயரளவில் ஒரு மெல்லிய நுரையையும், ஒரு பகுதியினருக்குக் கடையில் கிடைக்கும் கெட்டி நுரை இன்சோலையும், மூன்றாம் பகுதியினருக்கு அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் இன்சோலையும் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவு: மூன்று மாதத்தில் பின்னிரண்டு வகையும் சிறிதளவு உதவின, அவ்விரண்டுக்குள் வித்தியாசம் காணப்படவில்லை, ஒரு வருஷம் கழிந்தபோது, பொய் நுரை போட்டவர்களும் ஏறக்குறைய அதே சுகத்தை அடைந்திருந்தார்கள். காலம் என்னும் வைத்தியர் ஃபீஸ் வாங்குவதில்லை.

இதனால் இன்சோலே வீண் என்று முடிவு கட்டுவதும் பிசகு. டேனியல் பொனானோ முதலியோர் 2017இல் பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வடிவமைந்த இன்சோல்கள் காயம் நேரும் வாய்ப்பை 28 சதவீதம் குறைத்தன; அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று போடும் வெறும் மெத்தைகளோ பயன் தரவில்லை. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக்கும் அவர் குழுவினரும் வேறொரு வழியில் சென்றார்கள்: 200க்கு மேற்பட்ட ராணுவ வீரர்கள் கலந்துகொண்ட ஒரு சோதனையில் வெவ்வேறு வகையான இன்சோல்களைக் காட்டி, எது சுகமாக இருக்கிறதோ அதை நீயே எடுத்துக்கொள் என்றார்கள். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள், எடுத்தவர்களுக்குக் காயமும் குறைந்தது. அளவுகோலைவிடக் காலின் சொந்த அபிப்பிராயம் நம்பத்தக்கது என்பது நிக்கின் கருத்து. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016இல் சாரா ஸ்டெர்ன் முதலியோர், வளைவு தாழவே விடாதபடி தடுக்கும் இன்சோல்களைப் போட்டு ஓடச்செய்து, மூச்சுக்காற்றை அளந்து பார்த்ததில், உடலுக்கு 6 சதவீதம் அதிகச் சக்தி செலவாயிற்று. வில்லைக் கட்டிப்போட்டால் அம்பை எப்படி எய்வது? ஐந்தரை நிமிஷத்தில் ஓட வேண்டிய பையனுக்கு ஆறு சதவீதம் என்பது சாமான்யமான எண்ணன்று. பணச் செலவைத் தவிர, இன்சோலுக்கு இப்படி இன்னொரு செலவும் இருக்கிறது என்பதை விலைச்சீட்டில் யாரும் எழுதுவதில்லை.

அச்செடுத்துத் தனியாகச் செய்தே தீரவேண்டிய பாதங்களும் உலகில் உண்டு. அந்த வித்தையின் மிகச் சிறந்த அத்தியாயம் நம் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாகிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், குஷ்டரோகிகளின் பாதத்தில் ஆறாத புண்கள் ஏற்படுவதற்குக் கிருமி நேரடியான காரணமன்று என்று கண்டார்: உணர்ச்சியற்ற பாதம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊன்றுவதால், அந்த இடம் கன்றி, வெந்து, உடைகிறது. உணர்ச்சியுள்ளவன் சிறிது தூரம் நடந்ததும், தானறியாமலே ஊன்றும் இடத்தை மாற்றிக்கொள்கிறான். வலி அவனுக்கு அவ்வப்போது நடையைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியராக இருக்கிறது. அந்த ஆசிரியரை இழந்தவர்களுக்காக, வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரியிலும் தொழிற்கூடம் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் பதிந்து உடனே எழும் நுண்துளை ரப்பரை உள்தாளாகவும், தேய்ந்த கார் டயரை அடித்தாளாகவும் வைத்துச் செருப்புகள் செய்தார்கள். ஆணி அடிப்பதே கிடையாது, பசைதான்; ஏனெனில் ஆணி எழும்பிக் குத்தினாலும் போட்டிருப்பவனுக்குத் தெரியாது. எம்.சி.ஆர். செருப்பு என்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இன்றும் இலவசமாகக் கொடுக்கப்படுவது இதன் வழித்தோன்றலே. 1966இல் பிராண்ட் அமெரிக்காவில் லூயிசியானா ராஜ்யத்துக் கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்று, அங்கே நீரிழிவினால் உணர்ச்சி மங்கிய பாதங்களுக்கும் இதே பாடத்தைக் கற்பித்தார். நீரிழிவு மலிந்துவிட்ட இக்காலத்தில், காலில் மரத்துப்போன இடமுள்ள ஒருவருக்கு, அளந்து செய்த காலணிக்கென்று கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், பின்னால் விரலை எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால், மிகச் சொற்பம். குதிகாலில் ஆணிபோல் வலிக்கிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்த பதினெட்டு வயதுப் பையனோ, அந்த ஆசிரியரை இன்னும் இழந்துவிடவில்லை.

வெறுங்காலே போதும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 1960இல் ரோமாபுரியில் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கியதை உடனே எடுத்துக்காட்டுவார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தில், பெற்றோரை இளவயதிலேயே இழந்து, கூலிவேலை செய்த பாட்டி ஆரம்மாளால் வளர்க்கப்பட்ட ரேவதி வீரமணி, கல்லூரிப் பந்தயங்களிலும் 2016ஆம் வருஷத்து தேசிய ஜூனியர் பந்தயத்திலும் வெறுங்காலோடுதான் ஓடினார். அதன்பின் பயிற்சியாளர் கண்ணன் அவருக்குக் காலணியும் ஆகாரமும் மற்ற சௌகரியங்களும் கிடைக்கச் செய்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 மீட்டர் அஞ்சலோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் ‘வெறுங்காலோடு’ என்ற சொல்லில் குரலை உயர்த்துகிறார்கள். ‘அதன்பின்’ என்ற சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். நெருஞ்சி முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடக்கும் கால்வாய்க் கரையில், நல்ல பூட்ஸ் வாங்க இயலாததை ஒரு தத்துவமாக ஆக்கிவிடுவது, வாங்க இயலுகிறவர்களின் பொழுதுபோக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பையனிடம் நான் சொன்னது இதுதான்: ஓட்டத்தைச் சில வாரங்களுக்குப் பாதியாகக் குறை, கெண்டைக்கால் தசையை நீட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின்மேல் வைத்து, விரல்களை அதன்மேல் ஏற்றிக்கொண்டு, ஒற்றைக்காலில் மெல்ல எழுந்து மெல்ல இறங்கு. துண்டு எதற்கென்றால், விரல் மடங்கியிருந்தால் ராட்டினத்தில் கயிறு இறுகும். பாரம் அந்த நார்ப்பட்டைக்கே போய்ச் சேரும். டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் என்பவர் குதிவாதக்காரர்கள் 48 பேரிடம் இதைச் சோதித்து, மூன்று மாத முடிவில், வெறுமனே நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களுக்கு அதிகக் குணம் என்று எழுதியிருக்கிறார். இன்சோல் வேண்டுமென்றால், கடைக்குப் போய் நாலைந்தைப் போட்டுப் பார்த்து, காலுக்குச் சுகமானதை எடுத்துக்கொள் என்றேன். நானூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தான். சுகமாகத்தான் இருந்தது, இடது காலில் மட்டும் உள்பக்கத்து மேடு சற்று உறுத்தியது.

இருவருமாக மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடையின்கீழ் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவரிடம் போனோம். அவர் இன்சோலைத் தொடவே இல்லை. முதலில் பூட்ஸைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். “இடது காலு வெளிப்பக்கமா ஊன்டுறீங்க தம்பி. வலிக்குதுன்னு நீங்களா ஒதுக்குறீங்க” என்றார். பிராண்ட் சொன்ன ஆசிரியரின் கையெழுத்தை அவர் ரப்பரில் வாசித்துவிட்டார். பிறகு இன்சோலைத் தொடையின்மேல் வைத்துக்கொண்டு, கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, மேட்டின் ஓரத்தை வெங்காயத்தோல் கனத்துக்குச் சீவினார். போட்டு நடக்கச் சொன்னார். வாங்கி மறுபடி சீவினார். மறுபடி நடக்கச் சொன்னார். நான்காவது தடவையில் பையன் தலையை ஆட்டினான். இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்று நான் சொன்னதற்கு, “எடுத்துட்டா ஒட்ட முடியாதுங்கய்யா. ஒரு வாரம் ஓடட்டும். இதே பூட்ஸக் கொண்டாரச் சொல்லுங்க, தேஞ்ச எடத்தப் பாத்துட்டு மிச்சத்தச் சீவித் தர்றேன்” என்று சொல்லி, முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுவாரம் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று பையன் கேட்டான். அதுவும் இந்த முப்பதிலேயே சேர்ந்தது என்றார்.